கில் சுவிட்ச் யார் கையில்?

ஜாம்மிங் முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, வாங்கிய பெடல். இன்னொன்று, அடுத்து வாங்கப்போகும் பெடல். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, தே தாரே ஆறி ஆடை படியும்வரை, டியூப் ஸ்கிரீமர் பெடலுக்குள் இருக்கும் 4558 சிப்பைப் பற்றிச் சண்டை போட்டோம். பழைய சிப்பில் ஓர் 'உயிர்' இருக்கிறதாம். புதியதில் இல்லையாம். நான் மின்னியல் படித்தவன். அந்தப் பெடலின் குணத்தைத் தீர்மானிப்பது அதன் சுற்று. 720 ஹெர்ட்ஸ் பக்கம் அது போடும் மேடு. ஒலியின் தலையைச் சீவும் இரண்டு டயோடுகள். சிப்பை மட்டும் மாற்றிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு வித்தியாசம் சொல்ல எங்களில் எவனாலும் முடியாது, என்னையும் சேர்த்துத்தான். சொன்னேன். எவனும் காதில் வாங்கவில்லை.

கடை டிவியில் நாடாளுமன்றச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சோடு பேச்சாக நான் கச்சேரி அனுமதி விதிகளைப் பற்றி வாயைத் திறந்தேன். "டேய், அரசியல் வேணாம்லா. மியூசிக் பேசுவோம்" என்றான் எதிரே இருந்தவன். அவன் போட்டிருந்தது ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் டி-ஷர்ட்.

இந்தக் கட்டுரையை அந்த டி-ஷர்ட்டுக்குத்தான் எழுதுகிறேன்.

அந்தக் குழுவின் கிட்டார்காரர் டாம் மொரெல்லோ செய்யும் வித்தை ஒன்று இருக்கிறது. இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம் உள்ள கிட்டாரில் ஒரு வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, பிக்கப் சுவிட்சை மேலும் கீழும் தட்டுவார். ஒலி துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வரும். பக்கெட்ஹெட் இதற்கென்றே ஒரு சிவப்புப் பொத்தானைக் கிட்டாரில் பதித்திருப்பார். கிட்டார்காரர்கள் இதைக் கில் சுவிட்ச் என்பார்கள். மௌனத்தையே தாளமாக்குகிற கருவி. என் கிட்டாரிலும் ஒன்று வைத்திருக்கிறேன், இருபது ரிங்கிட்கூட ஆகவில்லை.

2023 அக்டோபரில் இதே சொல் நம் அரசாங்கத்தின் வாயிலிருந்து வந்தது. வெளிநாட்டுக் கலைஞர்களின் கச்சேரிகளில் ஏற்பாட்டாளர்கள் ஒரு கில் சுவிட்ச் வைத்திருக்க வேண்டும், ஏதாவது நடந்தால் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும் என்றார் அப்போதைய தொடர்புத்துறைத் துணையமைச்சர். அடுத்த மாதம் புக்கிட் ஜாலிலில் கோல்ட்பிளே வரவிருந்தது. வந்தது, வாசித்தது, போனது. சுவிட்சுக்கு வேலை வரவில்லை.

இது எங்கிருந்து தொடங்கியது என்பது தெரிந்த கதை. அதே ஆண்டு ஜூலை 21, சிப்பாங். குட் வைப்ஸ் விழா மேடையில் தி 1975 குழுவின் பாடகர் மேட்டி ஹீலி, இந்நாட்டின் ஓரினச்சேர்க்கை எதிர்ப்புச் சட்டங்களைத் திட்டிப் பேசி, தன் குழுவின் பேஸ் கிட்டார்காரரை முத்தமிட்டார். மறுநாளே மூன்று நாள் விழாவில் மிச்சமிருந்த நாட்கள் ரத்து. உள்ளூர்க் குழுக்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு ஆம்ப்ளிஃபையரைத் திரும்ப வண்டியில் ஏற்றின. எல்லாரும் ஹீலியைத் திட்டினோம். திட்டவேண்டியதுதான். இங்கே வாழ்பவர்கள் சந்திக்கப்போகும் விளைவைப் பற்றி யோசிக்காமல் வீரம் காட்டிவிட்டு விமானம் ஏறியவர் அவர். ஆனால் ஒருவர் செய்ததற்கு மேடையேறாத மற்றவர்களை ஏன் தண்டித்தார்கள் என்று யார் கேட்டோம்? மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 12இல், சிலாங்கூர் உட்பட ஆறு மாநிலங்களில் தேர்தல் என்பதை யார் சேர்த்துப் பார்த்தோம்? நானும் பார்க்கவில்லை. அந்த வாரம் நான் இரண்டாம் கைக்கு ஒரு டிலே பெடல் தேடிக்கொண்டிருந்தேன்.

இது அந்த ஒரு ஆண்டின் கதையும் அல்ல. 1992இல் நீள முடி ராக்கர்களுக்கு ஆர்டிஎம்மில் தடை. சர்ச் குழுவின் அமியும் விங்ஸ் குழுவின் அவியும் தகவல் அமைச்சர் முன்னிலையில் முடி வெட்டிக்கொண்டார்கள். 2001இல் மெகாடெத் வர முடியவில்லை. 2015 ஆகஸ்ட் 28, பெர்சே 4 பேரணிக்கு முந்தின இரவு, அம்பாங்கில் ருமா அப்பி என்ற பங்க் இசைக்கூடத்தில் போலீஸ் நுழைந்து ஏறக்குறைய 160 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. எனக்கு இந்த மூன்றாவதுதான் உறுத்துகிறது. மற்ற இரண்டும் நட்சத்திரங்களின் கதை. ருமா அப்பியில் இருந்தவர்கள் நம்மைப் போல வார இறுதியில் கருவியைத் தூக்கிக்கொண்டு போன பையன்களும் பெண்களும். அவர்களில் யாரும் மாமாக்கில் உட்கார்ந்து 'அரசியல் வேணாம்லா' என்று சொல்லித் தப்பித்திருக்க முடியாது. அரசியல் கதவைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டது.

'அதெல்லாம் பங்க், மெட்டல் சமாச்சாரம். நம்ம ஆளுங்களுக்கு என்ன?' என்பது அடுத்த தப்பித்தல். நம்ம ஆளுங்களைப் பற்றியே பேசுவோம். பினாங்கிலிருந்து வந்த ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், ஆலிகேட்ஸ் குழுவாக மலாய்ப் பாட்டில் இந்நாட்டையே கட்டிப்போட்டவர்கள். நல்ல பெடல் கிடைத்ததால் வந்ததல்ல அது. இரவு இரவாக வாசிக்க மேடைகள் இருந்தன. கேட்க ஆள் இருந்தது. தப்பாக வாசித்தால் மறுநாள் திருத்திக்கொள்ள இன்னொரு இரவு இருந்தது. இன்று நம் கல்யாணத்திலும் கோயில் விழாவிலும் என்ன நடக்கிறது? மைனஸ் ஒன் டிராக்கைத் தட்டிவிட்டு ஒருவர் மைக்கைப் பிடிக்கிறார். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, சம்பளம் கேட்கும் ஐந்து பேர் இல்லை. தமிழ்நாட்டு நட்சத்திரக் கச்சேரிக்கு நானூறு ரிங்கிட் கொடுக்கிறவர், பக்கத்துத் தாமான் குழுவுக்கு நானூறு கொடுக்க ஒரு மாதம் யோசிக்கிறார்.

இதற்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்பவருக்கு ஒன்று சொல்கிறேன். டிக்கெட்டில் 25 விழுக்காடு வரை கேளிக்கை வரி போட வழிசெய்யும் சட்டம் 1953இல், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. ஒரு பெடலின் இரண்டாம் கை விலையைப் பத்து ரிங்கிட் துல்லியத்தில் சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உரிமம் யார் தருகிறார், எந்தக் காரணத்துக்கு மறுக்கிறார், வாடகை கட்ட முடியாமல் எந்தக் கூடம் மூடுகிறது, இதெல்லாம்தான் நம் ஒலி. டோன் விரலில் இருக்கிறது என்று ஒரு பழைய வாதம் உண்டு. விரலுக்கு வேலை கொடுக்க முதலில் ஒரு மேடை வேண்டாமா?

இவ்வளவு வீறாப்பாகப் பேசுகிற நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஓர் அடுக்குமாடிப் பகுதியில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. கிட்டார் தெரியும், இஞ்சினியர் என்பதால் ஒலிக்கலவைப் பலகைக்கு என்னை உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒய்பி. பாடியது ஓர் அக்கா. பகலில் தொழிற்சாலை, வார இறுதியில் கல்யாண மேடை. இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கியபடி, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஒய்பி, நாலு மாசமா எங்க புளோக்ல லிஃப்ட் ஓடல. எங்கம்மாவ நான் தூக்கிட்டுத்தான் எறங்குறேன். அதையும் கொஞ்சம்..."

ஏற்பாட்டாளர் என்னைப் பார்த்துக் கழுத்தில் விரலால் ஒரு கோடு போட்டார். என் விரல் மியூட் பொத்தானில் இருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். அமுக்கினேன். அடுத்த பாட்டின் டிராக்கை ஏற்றினேன். அறிவிப்பாளர் தன் மைக்கில், "மன்னிக்கணும், சின்ன தொழில்நுட்பக் கோளாறு" என்றார். ஒய்பி சிரித்தார், கை தட்டினார். அக்கா கையில் செத்த மைக்கோடு பலகைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பாட்டு எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே சரியாகத் தொடங்கினார். நான் மைக்கைத் திறந்துவிட்டேன்.

தொழில்நுட்பக் கோளாறு. கோளாறு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் வேலை செய்யும் ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் சிவப்புக் காளான் போல ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் உண்டு. கம்பி அறுந்தால்கூட இயந்திரம் தானே நிற்கும்படிதான் அதை இணைப்போம். வேலை செய்பவரின் கை எட்டுகிற இடத்தில் வைப்போம். மேலாளர் அறையில் வைப்பதில்லை. ஏனென்றால் அது காப்பாற்ற வேண்டியது அந்தக் கையை. அன்று என் பலகையில் இருந்த பொத்தான் யாரைக் காப்பாற்றியது? லிஃப்ட் இல்லாமல் அம்மாவைத் தூக்குகிறவரையா, முன்வரிசையையா?

அமைச்சு எனக்கு உத்தரவு போடவில்லை. புஸ்பாலிடம் அனுமதி வாங்கவேண்டிய வெளிநாட்டுக் கலைஞரும் அல்ல அக்கா. நான் சும்மா ஒரு தன்னார்வலன். ஆனாலும் அமுக்கினேன். 'அரசியல் வேணாம்லா' என்று மாமாக்கில் பல வருடம் பழகிய விரல் அது. எந்தச் சட்டமும் எழுதாத கில் சுவிட்சை நாமே நமக்குள் இணைத்து வைத்திருக்கிறோம், அதுவும் அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லாமல். 'சிறுபான்மை நாம, எதுக்கு வம்பு' என்பவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என் அப்பாவும் அதையேதான் சொல்வார். ஆனால் லிஃப்ட் ஓடவில்லை என்பது வம்பா?

இரண்டு வாரம் கழித்து அக்காவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஐந்தாவது மாடி, படியேறித்தான் போனேன். "விடு தம்பி, பழகிப்போச்சு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வருடமும் பலகைக்குக் கூப்பிட்டார்கள். மியூட் பொத்தானை நான் தொடமாட்டேன், அதற்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "டெக்னிக்கல் ஆளு உனக்கெதுக்கு தம்பி இதெல்லாம்?" என்று சிரித்தார் ஏற்பாட்டாளர். திரும்ப அழைப்பதாகச் சொன்னார், இன்னும் அழைக்கவில்லை. அக்காவை இந்த முறை பாடக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வருகிற சனிக்கிழமை எங்கள் ஜாம்மிங்குக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். பாடட்டும், நடுவில் பேச வேண்டுமென்றால் பேசட்டும். டி-ஷர்ட்காரனிடம் இன்னும் சொல்லவில்லை.