மறுபடி பந்தாடக் கிளம்பும் தகப்பன்மாருக்கு

இம்முறை தகப்பன்மாரிடம் கொஞ்சம் பேச வேண்டும். தாய்மார்களும் கூட இருந்து கேட்பது நல்லது. பெட்டியைத் திறந்து வெள்ளி எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தாமே.

தோட்டத்துத் திடலில் இருபது வயதில் காற்பந்து ஆடியவர்களுக்கு நாற்பதைத் தாண்டியதும் பழைய ஆசை திரும்ப வருகிறது. கோயில் திருவிழாவென்றும் தீபாவளியென்றும் மூத்தோர் ஆட்டம் வைக்கிறார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறியவர்கள் வாடகைத் திடலில் இரவு விளக்கொளியில் ஆடுகிறார்கள். நல்ல காரியம், வாழ்த்துகிறேன். ஆனால் காலில் எதைப் போட்டுக்கொண்டு ஆடுவது என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை.

கட்டிலுக்கடியில் பல வருடமாகக் கிடக்கும் பழைய பூட்ஸை முதலில் தூக்கிப் பாருங்கள். மேலுக்குப் புதிது போலவே இருக்கும். அடிப்பாகம் பாலியூரித்தேனால் ஆனதாக இருந்தால், நம் நாட்டு வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து, போடாமல் வைத்திருந்தாலும் அதை உள்ளுக்குள்ளே சிதைத்துவிடும். கட்டைவிரலால் அழுத்துங்கள். மாவாக உதிர்ந்தாலும் ஓரத்தில் பசை விட்டிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். ஓடும்போது அடி பெயர்ந்தால் கணுக்கால் போச்சு.

மகனுடைய பூட்ஸும் வேண்டாம். எண் ஒன்றாக இருக்கலாம், பாதம் ஒன்றல்ல. விரலிடுக்குப் புண்ணும் ஓசியில் வந்து சேரும்.

"அந்தக் காலத்தில் வெறுங்காலில் ஆடினோமே, சார்" என்று கேட்பவர்கள் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல்தான் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகளை வீணடித்துவிட்டு 2-1 என்றுதான் தோற்றார்கள். நான்கு வருடம் கழித்து 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் இந்தியக் காற்பந்துச் சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. வெறுங்கால் கேவலமில்லை. ஆனால் எல்லா மண்ணுக்கும் அது ஈடுகொடுக்காது. அதே போல, பால் வெட்டப் போகும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகச் சொல்கிறார்களே, மலையேற அருமையானது. பந்துக்கு அது ஆகாது. குதித்து இறங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை அதில் இல்லை.

சரி, கடைக்குப் போவோம். மாலையில் போங்கள். நாள் முழுதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஆட்டத்தின்போதும் அப்படித்தான் இருக்கும். ஆட்டத்துக்குப் போடும் தடித்த காலுறையையும் கையோடு கொண்டு போங்கள். இருபது வயதில் எட்டாம் எண் போட்டவர் இன்றும் எட்டுதான் என்று அடம்பிடிக்கக் கூடாது. வயது ஏற ஏறப் பாதத்து வளைவைத் தாங்கும் நார்கள் தளர்ந்து பாதம் நீளும், அகலும். இரண்டு காலையும் அளக்கச் சொல்லி, பெரிய காலுக்கு வாங்குங்கள். எழுந்து நின்றால் விரல் முனையில் சுண்டுவிரல் அகலம் இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் வழுக்கக் கூடாது. பக்கவாட்டில் இறுக்கினால் "போகப் போகத் தளரும்" என்பார் கடைக்காரர். தோல் தளரும். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலானவை செயற்கைப் பொருள், அவ்வளவாகத் தளராது.

இந்த இறுக்கத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நாள்பட்டால் பாதத்து நரம்பு மரத்துப்போகும். சப்பாத்து கடித்துக் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. வலிக்காததால் பார்க்கமாட்டார். பார்க்காததால் புண் ஆழமாகி, விரலையோ காலையோ எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு. ஆகவே திடலுக்குப் போகுமுன் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தில் இனிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் ஏற்கனவே மரத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். புது பூட்ஸை வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டு நடந்து, கழற்றி, எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். குனிந்து பார்க்கத் தொந்தி இடம் கொடுக்காவிட்டால் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பையன்கள் 'ஸ்டட்' என்று சொல்லும் அடிக்குமிழ்கள். பெட்டியில் எழுத்துப் போட்டிருக்கும். எஸ்.ஜி. என்றால் சேறான, மெத்தென்ற புல்லுக்கு. எப்.ஜி. இறுகிய இயற்கைப் புல்லுக்கு. ஏ.ஜி. செயற்கைப் புல்லுக்கு. டி.எப். என்பதில் குட்டை ரப்பர் முளைகள் நிறைய இருக்கும். நம் திடல்களைத்தான் தெரியுமே. மழைநாளில் கோல் கம்பத்தருகே குளம், நான்கு நாள் வெயிலடித்தால் செம்மண் கல்லாகிவிடும். கல்லான மண்ணில் நீளமான குமிழ் இறங்காமல் உள்ளங்காலைக் குத்தும். செயற்கைப் புல்லிலோ அது மாட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் தசைநார் அறுந்துவிடும்.

நாற்பது வயதுக்காரருக்கு டி.எப். போதும் என்பது என் அபிப்பிராயம். கட்டாந்தரைக்கும் வாடகைத் திடலுக்கும் ஒரே ஜோடி உதவும். சேற்றில் வழுக்கும், உண்மைதான். சேறான அன்று மெதுவாக ஓடுங்கள், அல்லது நடுவராக நில்லுங்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் விலையுயர்ந்த மெல்லிய பூட்ஸ் சம்பளத்துக்கு ஆடும் இளைஞர்களுக்காகச் செய்தது. அந்தக் காசில் மகளுக்குப் பள்ளிச் சப்பாத்தும் பையும் வாங்கி மீதியும் வைக்கலாம்.

வாங்கிய அன்றே பாய்ந்து ஓடாதீர்கள். முப்பது, நாற்பது வயதில் திடீரென ஓடுபவர்களுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள நரம்பு 'டப்' என்று அறுவது மருத்துவமனைகளில் சகஜம். முதல் இரண்டு மூன்று வாரம் நடையும் மெல்லோட்டமுமாக இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, உள்ளட்டையை எடுத்துவிட்டு, பழைய நாளிதழைத் திணித்து நிழலில் காயப்போடுங்கள். வெயிலிலும் அடுப்போரத்திலும் வைத்தால் பசை விட்டுப்போகும். திணிக்க இந்தப் பத்திரிகையை எடுத்துவிடாதீர்கள். அம்மா இன்னும் சமையல் பக்கம் படித்து முடித்திருக்க மாட்டார்.