வலிக்கு வைத்தியம் வேண்டும்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனி நோயாகவே கருதி அரசு மருத்துவம் செய்ய வேண்டும்.

இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 19 சதவீதம் பேருக்கு நாள்பட்ட வலி இருப்பதாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் 2022 முதல் அதற்குத் தனி இடம் தந்திருக்கிறது. புதுச்சேரியையே பாருங்கள்: 2020-ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலையில் ஆண்டுக்கணக்கில் நின்று உழைத்தவர்களின் ஊர் முதலியார்பேட்டை. அவர்களின் மூட்டுவலியையும் இடுப்புவலியையும் 'வயசாயிடுச்சு' என்று ஒதுக்குவது அநீதி. கடையில் வாங்கி நெடுநாள் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கக்கூடும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனை வரை போய் வரிசையில் நிற்கத் தேய்ந்த முழங்காலால் முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இயன்முறை சிகிச்சையும் வலி மருத்துவமும் கிடைக்க வேண்டும். புதுச்சேரி அரசு அதை முதலியார்பேட்டையிலிருந்தே தொடங்கட்டும்.