பிளாங்க் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தாரா?

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மருமகப்பிள்ளை ஒருவர் போட்டிருந்தார்: “லேப்புக்கு எதுக்கு மாமா இவ்வளவு செலவு? சிமுலேஷன் போதும். பெரிய கண்டுபிடிப்பெல்லாம் பேப்பர்லதான் நடந்தது. பிளாங்க் என்ன ஸ்க்ரூ டிரைவரா பிடிச்சார்?” 17 பேர் கைதட்டியிருக்கிறார்கள். அதில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளாங்க் பிடிக்கவில்லை, சரி. பிடித்தவர் ஹைன்ரிஷ் ரூபென்ஸ். 1900, பெர்லின். சூடான பொருள் வீசும் கதிருக்கு வீன் எழுதிய சூத்திரம் அதுவரை நன்றாகவே ஒத்துவந்தது. அது பிசகுகிறதா என்று பார்க்கத் தொலை அகச்சிவப்புக்குள் போக வேண்டும்.

பிளஸ் டூ லேபில் நீங்கள் திருகித் திருகிப் பார்த்த ஸ்பெக்ட்ரோமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? முப்பட்டகம், லென்ஸ் எல்லாம் கண்ணாடி. அந்தக் கதிருக்குக் கண்ணாடி வெறும் சுவர். போதாக்குறைக்கு, குறைந்த அலைநீளக் கதிர்கள் வெள்ளமாக வந்து வேண்டியதை மூழ்கடிக்கும். ரூபென்ஸ் எடுத்தது பாறை உப்புப் படிகம். அது 50 மைக்ரான் பக்கத்துக் கதிரை மட்டும் பளிச்சென்று திருப்பி அனுப்பும். மற்றதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். திரும்பத் திரும்ப அதில் பட்டுத் தெறிக்கவிட்டால், கடைசியில் மிஞ்சுவது அந்தக் கதிர்தான். ஜெர்மன் மொழியில் பெயரே ‘மிச்சக் கதிர்’. நம் வீட்டில் ரவை சலிப்பதுபோல உப்பால் சலித்திருக்கிறார் மனுஷன்! மிஞ்சிய துளிச் சூட்டை உணரும் தெர்மோபைலையும் மெருகேற்றியவர் அவரே.

குர்ல்பாமுடன் சேர்ந்து 51 மைக்ரான் வரை அளந்தார். வீன் சூத்திரம் அங்கே படுத்துவிட்டது. அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, பிளாங்க் வீட்டுக்குப் போனபோது ரூபென்ஸ் சொன்னார்: நீண்ட அலைநீளத்தில் கதிர்ச்செறிவு வெப்பநிலைக்கு நேர்விகிதம். அன்று மாலையே பிளாங்க் புதுச் சூத்திரம் போட்டார். அதற்குப் பொருள் தேடப் போய்த்தான் டிசம்பர் 14-இல் குவாண்டம் வந்தது. ரூபென்ஸ் இல்லாவிட்டால் கதையே வேறு என்று பின்னாளில் பிளாங்கே சொல்லியிருக்கிறார்.

இப்போது சிமுலேஷனுக்கு வருவோம். அன்றைக்குக் கணினி இருந்திருந்தால் அதில் எந்தச் சூத்திரத்தைப் போட்டிருப்பார்கள்? வீன் சூத்திரத்தை. 51 மைக்ரானிலும் அது தயங்காமல் தப்பு விடையைக் காட்டியிருக்கும், அழகான கலர் வரைபடத்தோடு. உள்ளே போட்டதுதானே வெளியே வரும்?

ரெக்கார்டு நோட்டைப் பார்த்தெழுதி, ரீடிங்கை மனப்பாடம் செய்து மார்க் வாங்கும் பிள்ளைக்கு, சூத்திரம் எங்கே பிசகுகிறது என்று எப்படித் தெரியும்?

மருமகப்பிள்ளை, உங்கள் பையன் பள்ளியில் லேப் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த வருஷம் எத்தனை நாள் திறந்தார்கள் என்று விசாரியுங்கள். கைதட்டிய 17 பேரும்தான். பதிலைக் கீழே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.