ஒரு பத்திரிகையாளர் போட்ட வழக்கு... சிபிஐ இன்னும் ஏன் அனுமதிக்குக் காத்திருக்கிறது?

ஊழல் புகார் வந்தால் உடனே விசாரிக்க வேண்டியதுதானே? மத்திய அரசு உயரதிகாரி விஷயத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. இந்த முட்டுக்கட்டையை உடைக்க 1993-லேயே ஒருவர் உச்ச நீதிமன்றப் படியேறினார். அவர்தான் வினீத் நாராயண்.

யார் இவர்?

'காலசக்ரா' என்ற இந்தி வீடியோ செய்தி இதழை நடத்திய பத்திரிகையாளர். தனியார் செய்தி சேனல்கள் வராத காலம் அது. செய்தி கேசட்டில் வரும்!

1991-ல், காஷ்மீர் தீவிரவாதிகளுக்கு ஹவாலா பணம் போகும் வழியைத் துருவிய சிபிஐ, ஜெயின் சகோதரர்கள் என்ற தொழிலதிபர்களின் இடங்களில் சோதனை போட்டது. டைரிகள் சிக்கின. சுருக்கெழுத்துப் பெயர்கள், எதிரே தொகைகள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, அதிகாரிகள் என எல்லாத் தரப்பும் அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. விசாரணை அப்படியே படுத்துவிட்டது. நாராயண் பொதுநல வழக்குப் போட்டார்.

வழக்கு என்ன ஆச்சு?

நீதிமன்றம் வழக்கை முடித்துவைக்காமல், அவ்வப்போது சிபிஐயைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டது. 1996-ல் குற்றப்பத்திரிகைகள் வந்தன. எல்.கே.அத்வானி எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். ஆனால், டைரிக் குறிப்பு மட்டுமே ஆதாரம் ஆகாது என்று அவரையும் வி.சி.சுக்லாவையும் டெல்லி உயர் நீதிமன்றம் 1997-ல் விடுவித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அப்போ எல்லாம் வீணா? இல்லை. 1997 டிசம்பர் 18 அன்று நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சிபிஐ இயக்குநருக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து எல்லாம் அதில் வந்தவைதான். முக்கியமாக, 'சிங்கிள் டைரக்டிவ்' ரத்தானது. இணைச் செயலாளர், அதற்கு மேலுள்ள அதிகாரிகளை விசாரிக்க அரசிடம் முன் அனுமதி வாங்கணும் என்ற உத்தரவு அது.

போன வேகத்தில் திரும்பி வந்தது

2003-ல் அதே பாதுகாப்பு '6ஏ' என்ற பெயரில் சட்டப் பிரிவாகவே நுழைந்தது. 2014-ல் அரசியல் சாசன அமர்வு அதையும் ரத்து செய்தது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் '17ஏ' வந்தது. இந்த முறை உயரதிகாரி, கீழ்நிலை என்ற பேதமே இல்லை. எந்த அரசு ஊழியராக இருந்தாலும், பணியில் எடுத்த முடிவு பற்றி விசாரிக்க முன் அனுமதி வேண்டும். லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டால் மட்டும் விலக்கு. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் என்ன ஒற்றுமை!

அரசுத் தரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. நாளை யாராவது புகார் போடுவார்களோ என்று பயந்தால் நேர்மையான அதிகாரிகூட ஃபைலில் கையெழுத்துப் போட மாட்டார். பாதுகாப்பு கொடுக்கட்டும். ஆனால் அனுமதி தரும் பேனா, விசாரிக்கப்பட வேண்டிய முடிவை எடுத்த அதே அரசின் கையில் ஏன் இருக்கணும்? 1997 தீர்ப்பு வலுப்படுத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும் இருக்கிறது, லோக்பாலும் இருக்கிறது. அந்த அதிகாரத்தை அவர்களிடம் கொடுக்கலாம். அனுமதி குறித்து 3 மாதத்தில், கூடிப்போனால் இன்னும் ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 17ஏ. மறுத்தால் அதற்கான காரணத்தைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும்.