அஜினோமோட்டோவின் மேல் விழுந்த பழி

சாலையோரக் கடைகளில் ஃப்ரைடு ரைஸ் வாங்க நிற்பவர்கள், "மாஸ்டர், அஜினோமோட்டோ போடாதீங்க" என்று எச்சரிப்பது சர்வசாதாரணமாகிவிட்ட இந்நாளில், அந்த வெண்பொடி எந்த நோக்கத்தோடு பிறந்தது என்பதை அறிந்தவர் வெகு சிலரே.

டோக்கியோ சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியராயிருந்த கிகுனாயே இகெடா, கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து ஜப்பானியர் இறக்கும் சாற்றில், இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்னும் நான்கிலும் அடங்காத ஒரு ருசி இருப்பதை உணர்ந்து, அதன் மூலத்தைத் தேடத் தொடங்கினார். சாற்றைச் சுண்டக் காய்ச்சியபோது உப்புகளும் மானிடால் என்னும் இனிப்புப் பளிங்கும் பிரிந்தன. அவற்றில் அந்த ருசி இல்லை. சலியாமல் மேலும் பிரித்துச் சென்று, 1908-ஆம் ஆண்டில் அவர் கண்டடைந்தது குளுட்டாமிக் அமிலம். 1866-லேயே ரிட்ஹௌசன் என்ற ஜெர்மானியர் கோதுமைப் புரதத்திலிருந்து எடுத்திருந்த பொருள்தான் அது. ஆனால் குளுட்டாமேட் என்னும் அதன் உப்பிலேதான் அந்த ருசி குடிகொண்டிருக்கிறது என்று நிரூபித்து, அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டவர் இகெடா. ருசியான உணவு நன்கு ஜீரணமாகும் என்ற கருத்தில் ஈடுபாடு கொண்டு, தம் நாட்டு மக்களின் எளிய உணவும் சுவைபெற்று அவர்கள் தேகபுஷ்டி அடைய வேண்டும் என்று விரும்பிய அவரது உள்ளம் போற்றத்தக்கது. மறு ஆண்டே சுசுகி என்ற வியாபாரி அதை அஜினோமோட்டோ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அறுபதாண்டுகள் கழித்து, 1968-இல், அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில், சீன உணவகங்களில் உண்டபின் கழுத்து மரத்துப்போவதாக ஒரு வைத்தியர் கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையல் மது, மிகுந்த உப்பு ஆகியவற்றின்மீதும் அவர் சந்தேகம் தெரிவித்திருக்க, உலகமோ அஜினோமோட்டோ ஒன்றையே குற்றவாளியாக்கி, ஒரு ஜாதியாரின் சமையலுக்கே அவப்பெயர் சூட்டியது. இன்னது கொடுக்கப்படுகிறது என்று தெரிவிக்காமல் செய்த பரிசோதனைகளில், இது தமக்கு ஒத்துக்கொள்ளாது என்றவர்களிடமும் அத்தொல்லைகள் ஒரே சீராகத் தோன்றவில்லை. வெறும் வயிற்றில் பெரிய அளவில் உண்ட சிலருக்குச் சிறிது நேரம் உபத்திரவம் நேரலாம் என்பது வரை ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் அச்சம் கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

பழுத்த தக்காளியிலும், தாய்ப்பாலிலுங்கூட இதே குளுட்டாமேட் உண்டு. இன்று அஜினோமோட்டோ கரும்புப் பாகுக்கழிவு முதலியவற்றை நுண்ணுயிர்களால் புளிக்கவைத்தே தயாராகிறது. இதிலுள்ள சோடியமோ கறியுப்பில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். கடையில் நாம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியவை வேறு: பலமுறை கொதித்த எண்ணெயா, நேற்றைய கறியா என்பவையே.