மருந்து தீர்ந்தால் தெரியும், பரிசோதனை தீர்ந்தால்?

2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், வெளிநாட்டு உதவிகளைத் தொண்ணூறு நாட்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கு விதிவிலக்கு உண்டெனச் சில நாட்களில் அறிவிக்கப்பட்ட போதிலும், ஆபிரிக்காவின் பல நாடுகளில் எயிட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் வேலை இழந்தனர். அவ்வாண்டு ஜூலை 1ஆம் திகதியுடன் அமெரிக்க உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட்டே மூடப்பட்டது. இதன் விளைவை அறிய விரும்புவோர் தலைநகர்களை விட்டு, மலாவி போன்றதொரு நாட்டின் கிராமத்து வைத்தியசாலையை நோக்க வேண்டும் என்பது நமது கருத்து.

மலாவியில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்கின்றனர். கர்ப்பிணி ஒருவருக்கு ஆயுட்காலச் சிகிச்சை தொடங்குமுன் அவருடைய நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணிப் பார்ப்பதே முன்னைய வழக்கம். அதற்குரிய இயந்திரங்கள் கிராமங்களில் அரிதாகவே இருந்தமையால், 2011இல் அந்நாடு துணிந்து ஒரு முடிவெடுத்தது. கிருமி உண்டெனக் கண்ட கர்ப்பிணிகள் அனைவருக்கும், அணுக்களை எண்ணாமலே, ஆயுட்காலச் சிகிச்சை வழங்குவதென்பதே அம்முடிவு. 2013இல் உலக சுகாதார ஸ்தாபனமும் இவ்வழியைத் தன் பரிந்துரைகளில் சேர்த்துக்கொண்டது. வறியதொரு நாடு உலகுக்கு வழிகாட்டிய அரிய நிகழ்வு இது. ஆனால் அத்திட்டம் முழுவதும், விரல்நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தின் பரிசோதனையிலேயே தங்கியுள்ளது. அப்பரிசோதனைப் பொருட்களும் மருந்துகளும் பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில் வாங்கப்படுபவை.

மருந்து தீர்ந்துவிட்டால் அது உடனே தெரியும். வரிசையில் நிற்கும் நோயாளர் கேள்வி கேட்பார். பரிசோதனைப் பொருட்கள் தீர்ந்தாலோ எவரும் முறையிடுவதில்லை. தாய் ஒன்றும் அறியாமல் வீடு திரும்புகிறாள். கிருமி குழந்தைக்கும் தொற்றிவிடலாம். சிகிச்சை பெறாவிடின், தொற்றுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ அரைவாசி இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகின்றன. பதிவேட்டிலோ புதிய நோயாளர் தொகை குறைந்திருக்கும். அக்குறைவை வெற்றியென்று எழுதிவிடவும் முடியும். தொற்றைத் தடுப்பதற்கென 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட, ஆண்டுக்கு இருமுறை ஏற்றும் லெனகாபவிர் ஊசிமருந்தை வழங்குவதற்கும், கிருமி இல்லையென்று முதலில் பரிசோதித்து அறிந்தாக வேண்டும்.

இப்பற்றாக்குறைக்கு மருந்தின் விலையைக் காரணம் காட்ட இயலாது. 2000ஆம் ஆண்டளவில் ஒருவரின் ஓராண்டுச் சிகிச்சைக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் டொலர் தேவைப்பட்டது. 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை 350 டொலருக்கு வழங்க முன்வந்தது. இன்று வறிய நாடுகளுக்கு அது ஐம்பது டொலருக்கும் குறைவு. குறைபாடு அரசுகளின் கொள்கையிலேயே உள்ளது. வரவு செலவுத் திட்டத்தில் 15 வீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக ஆபிரிக்கத் தலைவர்கள் 2001இல் அபுஜாவில் உறுதியளித்தனர். பெரும்பாலான நாடுகள் அதனை நிறைவேற்றவில்லை. பணம் வழங்கியவர்களோ, மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் தராமலே கையை விலக்கினர்.

இவ்விடயத்தில் அமெரிக்காவை மட்டும் குறைகூறி நாம் அமைதியடைய முடியாது. தேசிய வருமானத்தில் 0.5 வீதமாகவிருந்த வெளிநாட்டு உதவியை 2027இல் 0.3 வீதமாகக் குறைப்பதாகப் பிரித்தானியா 2025 பெப்ரவரியில் அறிவித்தது. பிரான்சும் ஜேர்மனியும் தமது உதவிகளைக் குறைத்துள்ளன. நாம் தஞ்சம் அடைந்து, உழைத்து, வரி செலுத்தும் நாடுகள் இவை. இங்கு வாக்குரிமை பெற்றுள்ள நம்மவர், தம் தொகுதிப் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்தப் பணம் நின்றால், அந்தப் பரிசோதனைகளை இனி யார் செய்வார்? பரிசோதிக்கப்படாத தாய் எந்தக் கணக்கிலும் இடம்பெறமாட்டாள். அவளுக்காகப் பிறர்தான் கேட்க வேண்டும்.