சட்டப் புத்தகத்தைக் கையில் எடுப்போம்

மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையம் போய் வந்தவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "கையில் என்ன கொடுத்தார்கள்?" என்றுதான். பல நேரம் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது. "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரைதான் மிஞ்சும்.

சட்டம் சொல்வது வேறு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்; வழக்குப் பதிந்து, புகாரின் நகலை உடனே தர வேண்டும்; 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இவை பிரிவு 4 சொல்லும் கடமைகள். ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ. இவை வழக்கறிஞரின் அலமாரியில் மட்டும் இருந்தால் யாருக்குப் பயன்?

தோழர்களே, ஆய்வு நூலகத்தோடு முடிவதில்லை. 1995 விதிகளின்படி, ஆட்சியர் தலைமையிலான விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். திருச்சி மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது? மணப்பாறை வழக்குகள் எத்தனை பேசப்பட்டன? பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். வரும் பதிலைத் தேதிவாரியாக அடுக்கினால், அது ஆய்வு. அதை ஆட்சியரிடம் வைத்து நியாயம் கேட்டால், அது உரிமைக் குரல். தெருவில் உட்கார்ந்து நம் மக்களுக்கு விளக்கினால், அது கல்வி. மூன்றும் ஒரே வேலைதான்.

இனி காவல் நிலையம் போகும் ஒவ்வொருவர் கையிலும், புகாரோடு பிரிவு 4 அச்சிட்ட ஒரு தாளும் இருக்கட்டும்.